பாட்டனார் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் பேரனுக்கு உரிமை உண்டா?

காரைக்கால் பக்கம் பழைய குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் பிரெஞ்சு மொழியில் எழுதிய பிறப்புச் சான்று இருப்பது அபூர்வமல்ல. அந்தக் காலத்தில் சைகோனில் கடை வைத்திருந்தவர்கள், பிரெஞ்சு அரசில் உத்தியோகம் பார்த்தவர்கள், பட்டாளத்தில் இருந்தவர்கள் விட்டுச் சென்ற காகிதங்கள் அவை. அந்தக் காகிதம் கையில் கிடைத்ததும் அடுத்துப் பிறப்பது ஒரே கேள்வி: "பாட்டனார் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாரே, எங்களுக்கும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைக்குமா?"

கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளுக்குக் குறைவில்லை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று நாம் பார்த்துவிடுவது நல்லது. சிலருக்கு உரிமை உண்மையாகவே இருக்கிறது. பலருக்கு அது 1963-லேயே முடிந்துபோய்விட்டது. இன்னும் சிலருக்கு இருந்த உரிமை, யாரும் பயன்படுத்தாததால் கைநழுவியிருக்கிறது.

1962-ல் நடந்தது என்ன?

புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி அவை பிரான்சுக்குச் சொந்தமாகவே இருந்தன. இரு நாடுகளும் 1956 மே 28 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த நாள் வரை காரைக்காலில் பிறந்த நம் பெரியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களாகவே இருந்தார்கள். அந்த நாளில் அவர்கள் எங்கே பிறந்திருந்தார்கள், எங்கே குடியிருந்தார்கள் என்பதை வைத்தே எல்லாம் முடிவானது.

இந்தப் பகுதிகளில் பிறந்து, இங்கேயோ இந்தியாவின் வேறு ஊரிலோ குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்தான். கணவர் கையெழுத்துப் போட்டால் மனைவிக்கும் அது செல்லும் என்பது கிடையாது. அவரும் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும். மணமாகாத, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் முடிவே முடிவு.

இதே பகுதிகளில் பிறந்து, அந்த நாளில் சைகோனிலோ பிரான்சிலோ குடியிருந்தவர்களுக்கு நிலைமை நேர்மாறானது. அவர்கள் எதையும் எழுதாவிட்டால் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடித்தார்கள். இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால்தான் எழுத வேண்டும்.

பலர் கவனிக்காத மூன்றாவது வகை ஒன்று உண்டு. இந்தப் பகுதிகளுக்கு வெளியே, உதாரணமாகச் சைகோனிலேயே, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தகப்பனாருக்குப் பிறந்தவர்கள். "இங்கே பிறந்தவர்கள்" என்று ஒப்பந்தம் சொல்லும் வரையறைக்குள் அவர்கள் வரவில்லை. ஆகவே 1962-ல் காரைக்காலில் குடியிருந்தாலும் பிரெஞ்சுச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் குடியுரிமை மாறவில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அண்ணன் 1925-ல் காரைக்காலில் பிறந்தார். தகப்பனார் குடும்பத்தோடு சைகோனுக்குப் போன பிறகு தம்பி 1930-ல் அங்கே பிறந்தார். 1950-களில் இருவரும் ஊர் திரும்பி ஒரே வீட்டில் இருந்தார்கள். 1962-ல் இருவருமே எதையும் எழுதவில்லை. அண்ணன் இந்தியரானார், தம்பி பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். இன்று ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒரு பாதிக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, மறு பாதிக்குக் கேட்கவாவது இடம் இருந்தது. சைகோனில் 1935-ல் பள்ளிவாசல் கட்டும் அளவுக்குத் தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே வேரூன்றியிருந்தார்கள் என்பதை நினைத்தால், இப்படிப்பட்ட குடும்பங்கள் ஒன்றிரண்டு மட்டும் இருக்காது என்று புரியும்.

பாட்டனாரிடமிருந்து பேரனுக்குத் தாவாது

பிரெஞ்சுச் சட்டத்தில் "பாட்டனார் வழிக் குடியுரிமை" என்று தனியாக ஒன்று இல்லை. தாய் தந்தையரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் பிரெஞ்சுக் குடிமகன், அவ்வளவுதான். எனவே பாட்டனார் பிரெஞ்சுக்காரர் என்று நிரூபித்தால் போதாது. அவரிடமிருந்து உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ வந்தது, அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் காட்ட வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள எல்லோருக்கும் அறுந்ததுதான்.

இந்தக் கண்ணி நம் குடும்பங்களில் பெரும்பாலும் நிகாஹ் விஷயத்தில் அறுகிறது. நிகாஹ் பள்ளிவாசலில் நடக்கும், ஜமாஅத் புத்தகத்தில் எழுதப்படும். 'மேரி' என்று ஊரில் சொல்லும் நகராட்சியிலோ, 1962-க்குப் பிறகு பிரெஞ்சுத் தூதரகத்திலோ பதிவு செய்திருக்க மாட்டார்கள். மார்க்கப்படி திருமணம் முழுமையானது, அதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைக்கு இன்னார்தான் தகப்பனார் என்பதை அரசுப் பதிவேடு கொண்டு பார்க்கும் அதிகாரிக்கு அது மட்டும் போதுமானதாக இருப்பதில்லை.

அடுத்தது பெயர். அப்துல் காதர் என்ற பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் 'உ' ஓசைக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்துகளும் 'கா'வுக்கு சி எழுத்தும் போட்டு எழுதியிருப்பார். இந்தியப் பாஸ்போர்ட்டில் அதே பெயர் வேறு எழுத்துகளில் இருக்கும். போதாக்குறைக்கு, நம் வழக்கப்படி முன்னெழுத்தாக நிற்கும் தகப்பனார் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிடும். தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப் பெயர் மாறினால் பாரிஸில் கோப்பைப் பார்ப்பவருக்கு அது மூன்று வெவ்வேறு குடும்பங்களாகத் தெரியும்.

ஐம்பது ஆண்டு விதி

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும் இன்று பலருக்குக் கதவு மூடப்படுவது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 ஆம் பிரிவால். ஒரு குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டது. விண்ணப்பிப்பவரும், அவருக்குக் குடியுரிமையைக் கடத்த வேண்டிய தாயோ தந்தையோ, பிரெஞ்சுக்காரர்களாக நடத்தப்பட்டு வரவில்லை. அப்படியானால் வம்சாவளி மூலம் தாம் பிரெஞ்சுக்காரர் என்று நிரூபிக்கவே அவருக்கு அனுமதி இல்லை. 1962-லிருந்து எண்ணினால் 2012-லேயே ஐம்பது ஆண்டுகள் முடிந்துவிட்டன.

"பிரெஞ்சுக்காரராக நடத்தப்படுவது" என்றால் தூதரகத்தில் பெயர் பதிந்திருப்பது, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை வைத்திருப்பது, அந்நாட்டுத் தேர்தலில் வாக்களிப்பது போன்றவை. உங்கள் வாப்பா இவற்றில் எதையும் செய்யாமல் இந்திய வாக்காளராகவே வாழ்ந்து மவுத்தானவர் என்றால், பாட்டனார் சைகோனில் பிறந்த சான்று இருந்தும் பலன் கிடைப்பது மிகக் கடினம். எந்த ஏஜெண்டும் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். ஆனால் சொல்வதில்லை.

வாப்பாவிடமோ உம்மாவிடமோ பிரெஞ்சுக் காகிதங்கள் இருந்திருந்தால், குடியுரிமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டிலேயே வசிப்பவர்களுக்கு அதைக் கொடுப்பது பாரிஸ் நீதிமன்றம். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுக்கலாம்.

பிறர் வம்சத்தில் பெயர் எழுதுவது

வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. உரிமை உள்ள ஒரு குடும்பத்தின் பதிவில் வேறு வீட்டுப் பிள்ளையை மகனாகக் காட்டுவது, இறந்துபோன ஒருவரைத் தகப்பனார் என்று எழுதுவது போன்ற யோசனைகளை ஏஜெண்டுகள் "எல்லோரும் செய்வதுதான்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். பெற்ற தகப்பனாரை விட்டு வேறொருவரைத் தகப்பனார் என்று சொல்வதை மார்க்கம் கடுமையாகத் தடுத்திருக்கிறது. வளர்ப்புப் பிள்ளையைக்கூட அவனுடைய சொந்தத் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் தரும் சட்டம். நாளை வாரிசுப் பங்கு பிரிக்கும்போதும், யார் யாருக்கு மஹ்ரம் என்று பார்க்கும்போதும் அந்தப் பொய்க் காகிதம் குறுக்கே நிற்கும். பல ஆண்டுகள் கழித்துப் பொய் வெளிப்பட்டால், அதை நம்பிப் பிறந்த பிள்ளைகளின் குடியுரிமையும் கேள்விக்குள்ளாகும்.

இந்தியக் குடியுரிமை என்னாகும்?

"இரண்டாவது குடியுரிமை" என்று பேசுகிறோமே தவிர, இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. அரசியல் சாசனத்தின் 9 ஆம் பிரிவும் 1955 குடியுரிமைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கின்றன. வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை வாங்குவதையே, அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்கு முடிவான சான்றாக இந்திய விதிகள் கொள்கின்றன. அதன் பின் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒன்றில் போய் மற்றொன்றில் வருவது குற்றம்.

பிரெஞ்சுக் குடிமகனாகிவிட்டவர் ஓசிஐ அட்டை வாங்கலாம். வேடிக்கை என்னவென்றால், பாட்டனாரையும் பாட்டியையும் பெயர் சொல்லிக் கணக்கில் எடுப்பது இந்த இந்தியச் சட்டம்தான். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை விண்ணப்பிக்கலாம். காரைக்கால் அப்படிப்பட்ட பகுதிதான். பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் பெற்றோர், பாட்டன் பாட்டி, அவர்களுடைய பெற்றோர் ஆகியோரில் யாராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடியுரிமை பெற்றிருந்தால் இந்த அட்டை கிடைக்காது. அட்டை இருந்தால் விசா இல்லாமல் வந்து தங்கலாம், வீடு வாங்கலாம். வாக்குரிமை இல்லை, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. ஊரில் வயல் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்து விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்தால், முதல் வேலை ஏஜெண்டைத் தேடுவதல்ல. வீட்டில் இருக்கும் வயதானவரிடம் உட்கார்ந்து, பாட்டனார் பிறந்த ஊர், 1962-ல் இருந்த ஊர், ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு காரைக்கால் நகராட்சியில் பழைய பதிவேட்டின் நகலுக்கு மனுச் செய்யுங்கள். அசல் காகிதங்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் போதும்.