நாவல் படித்தால் கெட்டுப்போவாய்!

1775-ம் வருடம், ஜெர்மனியின் லைப்ஸிக் நகர நிர்வாகம் ஒரு கோட்டைத் தடை செய்தது. நீல நிறக் கோட்டு, உள்ளே மஞ்சள் வெயிஸ்ட் கோட். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு யாரும் தெருவில் நடமாடக் கூடாது.

காரணம், ஒரு நாவல்.

முந்தைய வருடம்தான் அது வெளிவந்திருந்தது. 'இளம் வெர்தரின் துயரங்கள்'. எழுதியவர் கதே. அப்போது அவருக்கு 25 வயது. கதை ரொம்ப எளிது. வேறொருவனுக்கு நிச்சயமான பெண்ணை ஒருவன் காதலிக்கிறான். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் மறக்க முடியவில்லை. கடைசியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு சாகிறான். நம் ஊர் சினிமாவில் பார்த்துப் பார்த்து அலுத்த விஷயம்தான். ஆனால் அந்தக் கால ஐரோப்பா ஆடிப்போய்விட்டது. இளைஞர்கள் வெர்தர் போட்ட அதே கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். வெர்தர் படம் போட்ட பீங்கான் கோப்பைகள் விற்பனைக்கு வந்தன. இந்தப் புத்தகம் தற்கொலைக்கு வக்காலத்து வாங்குகிறது என்று லைப்ஸிக் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர்கள் புகார் செய்ய, புத்தகத்துக்குத் தடை. கூடவே கோட்டுக்கும். அடுத்த வருடம் டென்மார்க்கும் மொழிபெயர்ப்பைத் தடை செய்தது.

அந்த நாவலைப் படித்துவிட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள் என்று இன்றுவரை எழுதுகிறார்கள். கூட்டம் கூட்டமாக என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. 1778 ஜனவரியில், வைமர் நகரில் கதே வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் இல்ம் ஆற்றில் ஓர் இளம்பெண் மூழ்கி இறந்தாள். அவளிடம் இருந்தது வெர்தர் புத்தகம் என்று ஊர் பேசிக்கொண்டது. கதேவே அவளுக்கு ஒரு நினைவிடம் அமைக்கும் வேலையில் இறங்கினார். எழுதியவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

மறுபக்கம், நெப்போலியன். 1808-ல் எர்ஃபர்ட் நகரில் கதேயைச் சந்தித்தபோது, வெர்தரை ஏழு தடவை படித்திருப்பதாகச் சொன்னார். அவர் தன்னைச் சுட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்களைச் சுட்டதற்கும் அந்த நாவல் காரணமில்லை.

ஜெர்மானியர்கள் இதற்கு ஒரு வார்த்தையே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். லேஸேஸுக்ட். வாசிப்பு வெறி அல்லது வாசிப்பு அடிமைத்தனம் என்று சொல்லலாம். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் ரத்த ஓட்டம் கெடுகிறது, ஜீரணம் ஆவதில்லை, கண் போகிறது, பெண்கள் வீட்டு வேலையை மறக்கிறார்கள், வேலைக்காரர்கள் மெழுகுவர்த்தியை வீணடிக்கிறார்கள். 1795-ல் ஹைன்ஸ்மன் என்பவர் ஜெர்மன் இலக்கியத்தைப் பிடித்த கொள்ளைநோய் பற்றி நாட்டு மக்களுக்கு வேண்டுகோள் விடுத்து ஒரு புத்தகமே போட்டார். இதில் வேடிக்கை, அவர் தொழில் என்ன தெரியுமா? புத்தக வியாபாரம்.

எதற்காக இத்தனை பயம்? அதற்கு முன்னால் படிக்கத் தெரிந்த சாதாரணக் குடும்பத்தில் என்ன இருக்கும்? ஒரு பைபிள், ஒரு பஞ்சாங்கம், நாலு பிரார்த்தனைப் புத்தகம். அதையேதான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். பெரும்பாலும் சத்தம் போட்டு, குடும்பத்துக்கே கேட்கிற மாதிரி. இப்போது வாடகை நூலகம் வந்துவிட்டது. பெண் ஒரு நாவலைக் கொண்டுவருகிறாள், மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் படிக்கிறாள், முடித்ததும் அடுத்தது. அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மகள் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. என் வரையில், விவகாரமே இங்கேதான் இருக்கிறது. புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். பெரியவர்கள் உள்ளே வர முடியாத ஓர் அறை வீட்டுக்குள் முளைத்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் அச்சு மலிந்தது. லண்டனில் ஒரு பென்னிக்குச் சாகசக் கதைப் புத்தகம் கிடைத்தது. 'பென்னி டிரெட்ஃபுல்' என்று பெயர். காலணாக் கதை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஏழைப் பையன்கள் ஒன்று வாங்கிப் பத்துப் பேர் படித்தார்கள்.

1895 ஜூலை. கிழக்கு லண்டனில் ப்ளெய்ஸ்டோ என்ற இடம். ராபர்ட் கூம்ப்ஸ், வயது 13. தம்பிக்கு 12. அப்பா கப்பலில் வேலை, அமெரிக்கா பக்கம் போயிருக்கிறார். ஒரு நாள் காலை அண்ணனும் தம்பியும் லார்ட்ஸ் மைதானத்துக்குப் போய் கிரிக்கெட் பார்த்தார்கள். டபிள்யூ.ஜி. கிரேஸ் ஆடிய மேட்ச். அடுத்த பத்து நாள் ஜாலியாக ஊர் சுற்றினார்கள். அம்மா எங்கே என்று கேட்டவர்களிடம், லிவர்பூலுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். கடைசியில் உறவினர்கள் சந்தேகப்பட்டு உள்ளே போய்ப் பார்த்தபோது, அம்மா மாடியறையில் பிணமாகக் கிடந்தாள். கிரிக்கெட் பார்க்கப் போவதற்கு முன்பே ராபர்ட் அவளைக் கத்தியால் குத்திக் கொன்றிருந்தான்.

வீட்டைச் சோதனை போட்டார்கள். பென்னி டிரெட்ஃபுல் புத்தகங்கள் கிடைத்தன. அவ்வளவுதான், பத்திரிகைகளுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டான். மரண விசாரணை நடத்திய ஜூரிகள், இந்த மாதிரிக் கதைகளைத் தடுக்கப் பார்லிமென்ட் ஏதாவது செய்ய வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். அதே மாதிரிப் புத்தகங்களைப் படித்த எத்தனையோ ஆயிரம் லண்டன் பையன்கள் அன்றைக்கும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ராபர்ட் என்ன ஆனான்? குற்றவாளி, ஆனால் மனநிலை பிறழ்ந்தவன் என்று தீர்ப்பாகி, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். 17 வருடம் உள்ளே. தையல் வேலை கற்றுக்கொண்டான், பேண்டு வாத்தியம் வாசித்தான், கிரிக்கெட் ஆடினான். 1912-ல் வெளியே வந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினான். முதல் உலகப் போர் வந்தது. கலிபோலியில் குண்டு மழைக்கு நடுவே அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கி வரும் ஸ்ட்ரெச்சர் ஆளாக வேலை பார்த்தான். மிலிட்டரி மெடல் கொடுத்தார்கள். பின்னாளில், பக்கத்து வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூட்டிவந்து வைத்துக் காப்பாற்றியவரும் இவர்தான். காலணாக் கதை அவரைக் கொலைகாரனாக்கியது என்றால், இதையெல்லாம் எந்தக் கதை செய்தது?

இப்போது கிட்டத்தட்ட 86 வருடம் தாண்டி, அதே லண்டனுக்கு வாருங்கள். 1981 மே மாதம். 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஜப்பானிய வீடியோ கேம் பட்டிதொட்டியெல்லாம் பரவிக் கிடக்கிறது. ஜார்ஜ் ஃபோக்ஸ் என்ற தொழிற்கட்சி எம்.பி. பார்லிமென்டில் எழுந்து, இந்த மெஷின்களுக்கு உள்ளூர் நிர்வாகத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை, சாப்பாட்டுக் காசை மெஷினில் போடுகிறார்கள், திருடுகிறார்கள், கண்ணில் ஒரு வெறி தெரிகிறது. மெழுகுவர்த்தி ஒன்றுதான் குறை. எதிர்த்துப் பேசிய கன்சர்வேடிவ் உறுப்பினர் ஒருவர், நானே ஆடுவேன், நன்றாகத்தானே இருக்கிறது என்கிற ரீதியில் பேசினார். ஓட்டெடுப்பில் ஆதரவு 94, எதிர்ப்பு 114. மசோதா காலி. அதே வருடம் பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஓட்டெடுப்பெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. சர்வாதிகாரி அல்லவா. ஒரே உத்தரவு. நாடு முழுக்க வீடியோ கேமுக்குத் தடை.

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. வன்முறை மிகுந்த வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2005-ல் சட்டம் போட்டது. 2011 ஜூனில் 7-க்கு 2 என்ற கணக்கில் நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. பழமைவாதி. ஆனால் மனிதர் வரலாற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். மலிவு நாவல், சினிமா, ரேடியோ நாடகம், காமிக்ஸ் என்று பிள்ளைகளைக் கெடுப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவை வரிசையாக வந்தன. கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளில் ஓடும் ரத்தம் கொஞ்சமா என்றும் கேட்டார். தாந்தே படிப்பது உயர்ந்த ரசனையாக இருக்கலாம், சட்டத்தின் முன்னால் இரண்டுக்கும் ஒரே பாதுகாப்புதான்.

ரத்து செய்யலாம் என்று ஒப்புக்கொண்ட இன்னொரு நீதிபதி அலிட்டோ மட்டும் ஒரு சந்தேகத்தைப் பதிவு செய்தார். படிப்பதும் ஆடுவதும் ஒரே அனுபவம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா?

நல்ல கேள்வி. பதில் தெரிந்துகொள்ள அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகைக்குப் புறப்படுகிறான். போகாதே, போகாதே என்று நமக்கு அடித்துக்கொள்கிறது. அவன் போகத்தான் செய்வான். பத்தாவது தடவை படித்தாலும் போவான். நாவலின் சுகமே அந்தக் கையாலாகாத்தனத்தில் இருக்கிறது. இன்னொருத்தன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, அவன் செய்வதைத் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அதே கதை கேமாக இருந்தால் நாம் குதிரையைத் திருப்பிவிடுவோம். தப்பாகத் திருப்பினால் சாவோம். மறுபடி முதலிலிருந்து வருவோம். நாற்பது தடவை தோற்றுவிட்டு நாற்பத்தொன்றாவது தடவை உட்காருகிற பொறுமையை எந்த நாவலும் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. ஒன்று மட்டம், ஒன்று உசத்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வித்தியாசம் அதோடு முடியவில்லை. காசு என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்து என்ன என்கிற தவிப்பை விற்றுக் காசு பண்ணலாம் என்பதைக் கண்டுபிடித்தது கேம் கம்பெனிகள் அல்ல. 1836 ஏப்ரலில் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலை மாதம் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வெளியிட ஆரம்பித்தார். ஆயிரம் பிரதியில் தொடங்கி, முடியும்போது 40,000. நடுவில் அவருடைய மைத்துனி இறந்துபோக, 1837 ஜூன் மாதம் பகுதி வரவில்லை. வாசகர்கள் தவித்தார்கள். அந்த வித்தைதான் தமிழ் வாரப் பத்திரிகைக்கும் வந்து சேர்ந்தது. 1950-லிருந்து 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது அடுத்த இதழுக்காக ஏங்கியவர்கள், பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்தவர்கள், இன்னும் பல வீடுகளில் உண்டு. 'தொடரும்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் இந்தத் தொழிலே நடந்தது. இந்தப் பத்தியும்தான், மறைப்பானேன்.

வீடியோ கேமின் பிழைப்பு இதற்கு நேர்மாறாக ஆரம்பித்தது. 1972-ல் அடாரி கம்பெனி தனது முதல் 'பாங்' மெஷினை கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைத்தது. கொஞ்ச நாளில் ரிப்பேர் என்று தகவல் வந்தது. அதை உருவாக்கிய எஞ்சினியர் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. சில்லறை நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது. காசு போட்டு ஆடும் மெஷினில், ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் முதலாளிக்கு லாபம். அடுத்த காசு விழ வேண்டுமே. பிறகு வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் வந்தது. ஒரு தடவை காசு, அப்புறம் உன் பாடு.

மொபைலில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. கேம் இலவசம். நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால்தான் வருமானம். இன்றைக்கு வந்தால் ஒரு பரிசு, நாளையும் வந்தால் இரண்டு, ஒரு நாள் விட்டால் சேர்த்தது போச்சு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் வேறு. 2018-ல் பெல்ஜியம் அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. கதேயும் சரி, டிக்கன்ஸும் சரி, கல்கியும் சரி, எவ்வளவு இழுத்தாலும் ஒரு நாள் 'முற்றும்' போட்டார்கள். இங்கே முற்றும் போட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். ரத்தம், துப்பாக்கி என்று கத்துகிற பெரியவர்கள் இதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கதைக்குள் ஓடும் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. மீட்டர் ஓடுவது தெரிவதில்லை.

அரசாங்கங்கள் பார்த்தது கடிகாரத்தை. சீனாவில் 2021-ல் ஓர் உத்தரவு போட்டார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மட்டும், அதுவும் ராத்திரி எட்டு முதல் ஒன்பது வரை மட்டும் ஆன்லைன் கேம் ஆடலாம். தென் கொரியா பத்து வருடம் முந்திக்கொண்டது. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆன்லைன் கேம் ஆடத் தடை என்று 2011-ல் சட்டம். ஊர் அதற்கு 'சிண்டரெல்லா சட்டம்' என்று பெயர் வைத்தது. சட்டம் கம்ப்யூட்டர் கேமைத்தான் குறி வைத்தது. பிள்ளைகளோ அதற்குள் மொபைலுக்கு மாறிவிட்டார்கள். பத்தே வருடத்தில் அரசாங்கமே சட்டத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது. 2022 ஜனவரியோடு அது இல்லை. அது அமலில் இருந்த காலத்திலும் கம்ப்யூட்டரை விடாத பிள்ளைகள், பன்னிரண்டு மணி அடித்ததும் அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.