லயத்துக்கு ஒரு முகவரி

காணாமலே நட்புக் கொள்ளுதல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டி நாட்டுப் புலவரான பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே உயிர் நண்பராயிருந்தனர் என்பது புறநானூறு தரும் செய்தி. சோழன் வடக்கிருந்த காலத்தில் பிசிராந்தையார் அவனைத் தேடி வந்தார். ஆண்டுகள் பல சென்றும் அவருக்கு நரை தோன்றாதது எவ்வாறு என்று சான்றோர் வினவினர். புலவர் மருந்து எதனையும் கூறவில்லை. தம் மனைவியையும் மக்களையும் ஏவலரையும், தம் நாட்டு அரசனையும், தம் ஊரில் வாழும் சான்றோரையும் பற்றிக் கூறினார். ஒருவரை அறிதல் என்பது அவருடைய வீட்டையும் ஊரையும் அன்றாட வாழ்வையும் அறிதலே என்பதை அந்த விடை உணர்த்துகின்றது.

இன்று இணையத்தின் வாயிலாக நண்பராவோரும் முகம் காணுமுன்னரே இவற்றைத்தான் கேட்கின்றனர். வீட்டில் யார் யார் இருக்கின்றனர்? என்ன தொழில்? பொழுது எப்படி விடிகின்றது? கேள்விகள் எளியவை. ஆயினும் விடை கடல் கடந்து செல்வதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியின் முடிவில் ஒரு முகவரி வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு அந்த முகவரி எளிதிற் கிட்டவில்லை. சப்பிரகமுவ மாகாணத்துப் பெல்மதுளைப் பகுதியை எடுத்துக்கொண்டால், அவ்வரலாறு தெளிவாக விளங்கும்.

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், இரத்தினபுரியைக் கடந்தபின் வருவது பெல்மதுளை. அங்கிருந்து ஒரு சாலை பலாங்கொடைப் பக்கமாக மேலேறுகின்றது. மற்றொன்று எம்பிலிப்பிட்டியவை நோக்கித் தெற்கே இறங்குகின்றது. மாணிக்கக் கற்களுக்குப் பேர்பெற்ற மாவட்டம் இது. ஊரிலுள்ள கல்பொத்தாவெல விகாரையிலிருந்தே, ஆண்டுதோறும் டிசம்பர் மாதப் பௌர்ணமியை ஒட்டிச் சமன் தெய்வத்தின் திருவுருவம் சிவனொளிபாதமலைக்கு எடுத்துச் செல்லப்படுகின்றது. வெசாக் பௌர்ணமியோடு யாத்திரைப் பருவம் முடிய, அது மீண்டும் இங்கு வந்து சேர்கின்றது. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும் செழித்து வளர்கின்றன. நுவரெலியாவைப் போலத் தமிழர் திரளாக வாழும் மலைத்தொடர் இதுவன்று. சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆதலால் இங்குள்ள தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிங்களமும் பேசி வளர்ந்தனர்.

இத்தோட்டங்களுக்கு வந்தவர்களின் முதல் முகவரி தகரத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. போய்ச்சேர வேண்டிய தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் இருந்தன. பெயரோ பிறந்த ஊரோ அறியாமலே, வில்லையைப் பார்த்து எவரும் அவரை உரிய தோட்டத்தில் சேர்த்துவிடலாம். சரக்கு மூட்டைக்கு ஒட்டும் அடையாளச் சீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

தோட்டத்துக்குள் சென்றவரை வெளியார் சென்று காண்பதும் அரிதாயிற்று. தோட்டம் துரையின் ஆளுகைக்கு உட்பட்ட தனியுடைமை. அவர் இசைவின்றி உள்ளே நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தொழிலாளரின் வாழ்வைக் கண்டறிய விரும்பியபோது, புடைவை வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டங்களுக்குள் புகுந்தார். தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்ட அவர், பின்னர்த் தோட்டத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாக விளங்கினார். தேயிலைத் தொழில் பயில ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரேஸ்கர்டில் என்னும் இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக 1937ஆம் ஆண்டில் நாடு கடத்தும் ஆணைக்கு உள்ளானார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு தோட்டத் தொழிலாளியின் வீட்டையும் வேலையையும் அறிந்துகொள்வதற்கு வேடமோ வழக்கோ வேண்டியிருந்த காலம் அது.

எனினும் கடிதம் மட்டும் உள்ளே சென்று வந்தது. தோட்டத்துத் தபால்காரர் பையைத் தோளிலிட்டு நகரத்துத் தபாற்கந்தோருக்கு நடந்து சென்று, தோட்டத்துக்குரிய கடிதங்களை மொத்தமாக வாங்கி வருவார். பை முதலில் தோட்டக் கந்தோரைச் சேரும். துரைக்கும் உத்தியோகத்தருக்கும் உரியவை பிரிக்கப்பட்ட பின்னரே, லயத்துக்குரியவை கணக்கப்பிள்ளை வழியாகவோ பிரட்டுக்களத்திலோ உரியவர் கையை எட்டும். பிரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பகிர்ந்தளிக்கும் இடம். லயத்துக்குத் தனி இலக்கமும் இல்லை, தெருவும் இல்லை. தோட்டத்தின் பெயரும் தபாற்கந்தோரின் பெயருமே முகவரியாயின. அதிலும் ஓர் இடர் இருந்தது. தபாற்கந்தோர் அறிந்தது தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை. தொழிலாளர் வழங்கியதோ தாமே இட்ட தமிழ்ப் பெயரை. ஆங்கிலப் பெயரை அறியாத உறவினர் தமிழ்ப் பெயரை எழுதி அனுப்பினால், அக்கடிதம் தோட்டம் தோட்டமாக அலைய நேரும்.

வந்த கடிதத்தைப் படிக்கவும் பிறர் வேண்டும். மறுமொழி எழுதவும் பிறர் வேண்டும். எழுத்தறிந்தோர் குறைவாயிருந்த நாளில், தோட்டப் பள்ளி ஆசிரியரும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் அப்பணியைச் செய்தனர். ஆதலின் கடிதம் எவரிடத்தும் தனிமையில் பேசவில்லை. இஸ்தோப்பில் அமர்ந்து ஒருவர் உரக்கப் படிக்க, லயமே கூடிக் கேட்டது. ஒருவருடைய நண்பரின் நலம் பத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்த செய்தியாயிற்று. ஆனால் கடனையோ மனத்தாங்கலையோ எழுத விரும்பியவர், எழுதித் தருபவரின் முகத்தைப் பார்த்து அதனை விழுங்கிவிடவும் நேர்ந்தது.

இந்த மெல்லிய தொடர்பின் மீது அரசியலின் பெருஞ்சுமை வந்து விழுந்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974ஆம் ஆண்டில் இணக்கம் ஏற்பட்டது. மக்கள் தொகை கணக்காகப் பகுக்கப்பட்டது. ஆனால் கணக்கில் பிரிந்தவர்கள் அண்ணனும் தம்பியுமாகவும், ஒரே நிரையில் கொழுந்து பறித்த தோழியராகவும் இருந்தனர். ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க, மற்றவர் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பலில் ஏறியோர், பின்னர் மண்டபம் முகாமைக் கடந்து தமிழகத்தின் பல திசைகளுக்கும் சென்றனர்.

அவர்களுள் பலர் நீலகிரியை அடைந்தனர். தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கும் பொருட்டுத் தமிழக அரசு 1968ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் சென்றவர்கள், பெல்மதுளையில் விட்டுவந்தவர்களை அறிந்தே இருந்தனர். எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அறிந்தவரையே கடிதத்தின் மூலம் புதிதாக அறியவேண்டியதாயிற்று. திருமணமாகி வந்த மருமகளைக் கண்டதில்லை. பிறந்த பேரனின் பெயரைக் கேட்டதில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளும் இங்கே பிறந்த பிள்ளைகளும், பெற்றோரின் கடிதங்கள் வழியாகவே ஒருவர்க்கொருவர் நண்பராயினர்.

அத்தகைய நட்பில் பரிமாறப்படும் செய்திகள் சிறியவை. ஆயினும் வாழ்வின் முழு உருவத்தையும் காட்ட வல்லவை. பெல்மதுளைப் பக்கத்தில் விடியற்காலையின் குளிர்ச்சி நீங்குமுன் இறப்பர் மரத்தில் பால் வெட்டவேண்டும்; வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். மழை பெய்தால் பால் வெட்டு நின்றுவிடும். தேயிலை மலையிலோ மழையிலும் கொழுந்து பறித்தாகவேண்டும். தாய் மலைக்குச் செல்லுமுன் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்வாள். மாலையில் கொழுந்தை நிறுக்கும்போது, குறித்த நிறை இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்குப் பதியப்படும் கணக்கு. பெல்மதுளைத் தோழி "இம்மாதம் பேர் குறைவு" என்று எழுதினால், கூடலூர்த் தோழிக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அவ்வீட்டில் அரிசி குறைந்ததும், கடைக்காரரிடம் கடன் ஏறியதும் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டன. அவ்வாறே கோத்தகிரியிலிருந்து வந்த கடிதம் குளிரைப் பற்றிப் பேசியபோது, தாழ்நிலத் தேயிலையின் வெம்மையிற் பழகியவர்கள் அந்தத் துன்பத்தை ஊகித்து அறிந்தனர்.

முகவரி தோட்டத்தின் பெயராக மட்டுமே இருந்ததன் கொடுமை, இடர்க் காலங்களில் வெளிப்பட்டது. 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அக்காலத்து உணவுப் பஞ்சம் தோட்டங்களைக் கடுமையாக வாட்டியது. 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. லயங்களை விட்டு ஓடியோருள் ஒரு பகுதியினர் வவுனியாப் பக்கத்தில் குடியேறினர். தோட்டத்தை விட்டவருக்கு முகவரியும் இல்லாமற் போயிற்று. அவர் பெயருக்கு வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்புவதன்றித் தோட்டக் கந்தோருக்கு வேறு வழி இருக்கவில்லை. அதே சமயம், கிராமத்துச் சிங்கள அயலவரின் வீட்டில் அடைக்கலம் பெற்றோரும் உண்டு. அண்டை வீட்டு நட்பு கடிதமின்றியே ஆளை அறிந்திருந்தது. 1984ஆம் ஆண்டில் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அதற்குள் குழந்தைகள் உட்பட நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குச் சென்றுவிட்டிருந்தனர்.

குடியுரிமைச் சிக்கல் 1988ஆம் ஆண்டின் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலும் படிப்படியாகத் தீர்ந்தது. முகவரியின் சிக்கலை ஓரளவு தீர்த்தது சட்டமன்று, கைத்தொலைபேசி. ஒவ்வொருவரிடமும் உள்ள தொலைபேசி எண், தோட்டக் கந்தோரைக் கடந்து செல்லும் முதல் முகவரியாயிற்று. படிப்பதற்கு ஆசிரியரும் வேண்டியதில்லை. கொடுப்பதற்குக் கணக்கப்பிள்ளையும் வேண்டியதில்லை. தமிழகத்திலிருக்கும் நண்பர், பெல்மதுளைத் தோட்டத்து லயத்தின் வாசலையும் அங்கே காயும் துணியையும் திரையிலேயே காண்கின்றார். ஒருநாட் சம்பளம் எவ்வளவு என்று கேட்டு உடனே விடை பெறுகின்றார். அது 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாவாகவும் உயர்ந்த செய்தியைப் பத்திரிகைக்கு முன்னரே நண்பரின் வாயால் கேட்டறிந்தவரும் இருப்பர்.

ஆயினும் காட்சி கிடைத்ததனால் அறிவு முழுமையாகிவிட்டது என்று சொல்லமுடியாது. திரையில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது காட்டுபவர் கையில் இருக்கின்றது. ஒழுகும் கூரையைக் காட்டாமல் முன்வாசலை மட்டும் காட்டலாம். மறுபுறத்தவரும் தம் கடனைச் சொல்லாமல் புதிய சட்டையை மட்டும் காட்டலாம். பழைய கடிதத்தில் எழுதித் தருபவருக்கு அஞ்சி மறைத்தனர். இன்று காண்பவருக்கு நாணி மறைக்கின்றனர். 'பேர் குறைவு' என்று சொன்னவுடன் உள்ளத்தில் விளங்கும் பொருள், அதே கணக்கின் கீழ் வாழ்ந்தவர்க்கே முழுமையாக விளங்கும். மற்றவர் பொறுமையோடு கேட்டுக் கேட்டுத்தான் அதனை அறியவேண்டும். பிசிராந்தையாரிடமும் சான்றோர் கேட்ட பின்னரே அவர் தம் வீட்டைப் பற்றிச் சொன்னார்.

இன்னொன்றும் எஞ்சியிருக்கின்றது. நண்பரின் குரலுக்கு வழி கிடைத்தபோதும், அரசின் கடிதத்துக்கு வழி முற்றாகத் திறந்துவிடவில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதமும், நீதிமன்ற அறிவித்தலும் இன்னும் தாளில் வருவனவே. பல தோட்டங்களில் அவை தோட்டக் கந்தோரின் வழியாகவே லயத்தை அடைகின்றன. குறித்த நாள் கடந்தபின் சேர்ந்த அழைப்பினால் வேலைவாய்ப்பை இழந்தவரின் முறைப்பாடுகள் பலகாலமாக எழுந்துவந்துள்ளன. தமிழர் மலையகத்துக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைந்து, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி ஒன்று சென்றது. நடந்தோர் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியுரிமையும் வீட்டுரிமையும் முதன்மையானவை. சொந்தக் காணியில் இலக்கமிட்ட ஒரு வீடு அமைந்தால், தகர வில்லையில் தொடங்கிய முகவரியின் வரலாறு நிறைவுபெறும். அப்போது பெல்மதுளைக்கு எழுதும் நண்பர், உறையின் மேல் தோட்டத்தின் பெயரைத் தேடவேண்டியதில்லை. ஆளின் பெயரையும் வீட்டின் இலக்கத்தையும் எழுதினாற் போதும்.