தானியக் கணக்கும் ஊழிய அழைப்பும்



அலுவலகக் கோப்புகளும் கணக்கேடுகளும் கூட்டங்களும் நாள் முழுவதையும் விழுங்கிவிட, ஆண்டவர் அழைத்த பணிக்கு நேரமே மிஞ்சுவதில்லை என்று உங்களில் பலர் வருந்துவதுண்டு. சபைச் செயலரும் பொருளாளரும் பள்ளித் தலைமையாசிரியரும் இப்பாரத்தை நன்கு அறிவர். 200 ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் இதே பாரத்தைச் சுமந்த ஒரு தேவ ஊழியரை இவ்வாரம் நினைவுகூருவோம்.

கிறிஸ்டியன் பிரெட்ரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1726-ல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1750-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்தார். சுவிசேஷம் அறிவிப்பதே அவரது அழைப்பு. ஆயினும் அவருடைய பன்மொழிப் புலமையும் நேர்மையும் ஆட்சியாளரின் கண்ணில் பட்டன. 1779-ல் ஐதர் அலியிடம் சமாதானம் பேசுமாறு சென்னை அரசு அவரை அனுப்பியது. இரத்தம் சிந்துவதைத் தடுக்கலாமே என்ற நோக்கத்தோடு அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். அங்குக் காத்திருந்த நாட்களிலும் படையிலிருந்த கிறிஸ்தவர்களுக்குப் போதித்தார். ஐதர் வழிச்செலவுக்கென்று அளித்த பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், அநாதைப் பிள்ளைகளின் கல்விக்கு ஒதுக்கினார்.

அந்தத் தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது, பஞ்சமும் தொடர்ந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். வெளியே நாட்டில் தானியம் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்பு உரிய கூலி பெறாத குடியானவர்கள் அரசனையோ அதிகாரிகளையோ நம்பி மாடுகளைத் தர மறுத்தனர். அப்போது மன்னர் துளஜா, சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கையாவது மக்கள் நம்புவார்களா என்று பார்க்கச் சொன்னார். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று ஐயர் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் 1,000 மாடுகள் வந்தன; 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. பேசிய கூலியை ஐயர் தவறாமல் கொடுத்து அனுப்பினார்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். அன்று கோட்டையைக் காத்தது நிர்வாகத் திறமை மட்டுமா? இல்லை. பல்லாண்டு ஊழியத்தில் விளைந்த நம்பிக்கையே மாடுகளை வரவழைத்தது. அழைப்பு வேர், நிர்வாகம் அதன் கனி. வேரை விட்டுவிட்டுக் கனியை மட்டும் நாடினால், அடுத்த பருவத்தில் இரண்டும் இரா.

சுவார்ட்ஸ் ஐயர் இந்த வேரை எவ்வாறு காத்தார்? ஒன்று, நாளின் இரு முனைகளையும் தேவனுக்கென்று கட்டிவைத்தார். காலையில் உபதேசிமாரோடு ஜெபித்து அவர்களை ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் செய்தவற்றைக் கேட்டறிந்து மீண்டும் ஜெபிப்பார். இரண்டு, பிறரை ஆயத்தப்படுத்தினார். அரசியல் பொறுப்புகள் மிகுந்திருந்த அதே ஆண்டுகளில்தான், வேதநாயகம் என்ற சிறுவனைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்து வந்து கற்பித்தார். அவரே பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார். 1790-ல் உபதேசியார் சத்தியநாதனைக் குருவாக அபிஷேகம் செய்தார். மூன்று, மறுக்கவும் அறிந்திருந்தார். 1787-ல் துளஜா மன்னர் தம் தத்துப்பிள்ளை சரபோஜியை அவர் கையில் ஒப்புவிக்க முன்வந்தபோது, ஆட்சிப் பொறுப்பை ஏற்க அவர் உடன்படவில்லை. ஆனால் பிற்காலத்தில் அந்தப் பிள்ளை துன்புற்றபோது கைவிடவுமில்லை. பாதுகாப்பும் கல்வியும் கிடைக்க வழிசெய்தார். அதிகாரத்தை மறுத்தார், அன்பின் கடமையை மறுக்கவில்லை.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். பந்திவிசாரணைக்கும் வசன ஊழியத்துக்கும் மூலமொழியில் ஒரே சொல்லின் வடிவங்களே வருகின்றன. இரண்டும் ஊழியமே. எனினும், எது யாருடைய கையில் இருக்க வேண்டும் என்று சபை ஜெபத்தோடு பகுத்தறிந்தது. பந்தியை விசாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவானும் பிலிப்புவும் வசனத்தை மறந்துவிடவில்லை.

ஆகவே பிரியமானவர்களே, உங்கள் மேசைமேல் குவிந்திருக்கும் தாள்களைச் சாபமாக எண்ணாதீர்கள். அவற்றில் எது ஒருவருடைய பசியை ஆற்றும், எது பிறரிடம் ஒப்படைக்கத் தக்கது, எது வெறும் பதவி ஆசை என்று இவ்வாரம் தேவசமுகத்தில் வகைபிரித்துப் பாருங்கள். 1798 பிப்ரவரி 13-ல் சுவார்ட்ஸ் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, தூதராக அல்ல, போதகராகவே மக்கள் அவருக்காக அழுதார்கள். உங்களையும் எந்தப் பெயரால் நினைவுகூர வேண்டும் என்பதை இன்றைய உங்கள் நாட்களே எழுதிக்கொண்டிருக்கின்றன.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.