ஒரு துறைமுகமும் மூன்று அரசுகளும்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டசாலைகளைக் கடந்து வடமேற்கே நடந்தால், சிறிது நேரத்தில் கோட்டைக் கொச்சியை அடைகின்றோம். 1956ஆம் ஆண்டு வரை இந்தக் குறுகிய தொலைவிற்குள் ஓர் எல்லை இருந்தது. மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் நாடு. கோட்டைக் கொச்சியோ சென்னை ஆட்சிக்கு உட்பட்ட மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதி. பிழைப்பை நாடி இங்கு வந்த தமிழர், தம் சென்னை அரசின் நிலத்தைக் காலால் நடந்தே சென்று மிதித்து வரலாம்!

இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது? கொச்சி சிறிய நாடு. வடக்கே கோழிக்கோட்டுச் சாமூதிரி வலிமை மிக்கவர். தெற்கே பிற்காலத்தில் திருவிதாங்கூர் ஓங்கி வளர்ந்தது. 1500இல் வந்த போர்ச்சுகீசியருக்குக் கொச்சி மன்னர் இடமளித்தார். அதனால் சினங்கொண்ட சாமூதிரி 1503இல் படையெடுத்தார். மன்னர் வைப்பின் தீவில் அடைக்கலம் புக நேர்ந்தது. அவருக்குத் துணைவந்த போர்ச்சுகீசியர், அவ்வாண்டிலேயே துறைமுக வாயிலில் கோட்டை எழுப்பினர். 1663இல் அது டச்சுக்காரர் வசமாயிற்று; 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. காக்க வந்தவர் வாயிலையே தமதாக்கிக்கொண்டனர். போர்ச்சுகீசியர் 1555இல் கட்டி மன்னருக்கு அளித்த மட்டாஞ்சேரி அரண்மனை, டச்சுக்காரர் செப்பனிட்டமையால் ‘டச்சு அரண்மனை’ என்றே இன்றும் வழங்குகின்றது.

கொச்சி மன்னருக்குக் கடற்கரை இல்லாமலில்லை. எனினும், பெருங்கப்பல்கள் வந்து தங்கும் வாயில் பிறர் கையில் இருந்தது. நாட்டின் நிலமும் தொடர்ச்சியாக அமையவில்லை. தமிழ் வழங்கும் சித்தூர்ப் பகுதி, ஆங்கிலேயரின் பாலக்காட்டு நிலத்தால் பிரிக்கப்பட்டுத் தனித்துக் கிடந்தது. இத்தகைய நாட்டில் ஒவ்வோர் எல்லையிலும் சுங்கம் வாங்கினால் வாணிகம் வாழுமோ? ஆகவே 1865இல் ஆங்கில அரசும் கொச்சியும் திருவிதாங்கூரும் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டு, உள்நாட்டுச் சுங்கத் தடைகளை நீக்கின. 1902இல் எர்ணாகுளத்தையும் ஷொரணூரையும் இணைத்த இருப்புப்பாதை, சென்னைப் பக்கத்து வணிகத்திற்கும் வழி திறந்தது.

துறைமுகத்தின் கதை இன்னும் தெளிவாக இதனை உணர்த்துகின்றது. வாயிலில் மணல்திட்டு மறித்துக் கிடந்தமையால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நின்றன. சரக்குகள் படகுகளில் ஏறியிறங்கின. 1920இல் வந்த பொறியியலறிஞர் இராபர்ட் பிரிஸ்டோ அத்திட்டை அகழும் பணியை நடத்தினார். ஆனால் பொறிகள் மட்டும் போதா. சென்னை, கொச்சி, திருவிதாங்கூர் அரசுகள் 1925இல் ஓர் உடன்பாட்டிற்கு வந்த பின்னரே பணி விரைந்து நடந்தது. 1928ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் ‘பத்மா’ என்னும் நீராவிக் கப்பல் உள்துறைமுகத்தினுள் நுழைந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணே வில்லிங்டன் தீவாக உயர்ந்தது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது.

இந்நிலையைக் கடல் கடந்தும் காண்கின்றோம். ஆப்பிரிக்காவில் கடற்கரையற்ற நாடுகள் 16 உள்ளன. உகாண்டாவின் சரக்குகளில் பெரும்பகுதி கென்யாவின் மொம்பாசாத் துறைமுகத்தை நாடுகின்றது. அங்கிருந்து உள்நாட்டிற்குச் செல்லும் இருப்புப்பாதையை 1896 முதல் 1901 வரை அமைத்தவர்களுள் இந்தியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். எத்தியோப்பியா 1993இல் எரித்திரியா பிரிந்ததும் கடற்கரையை இழந்தது. இன்று அதன் வாணிகம் பெரும்பாலும் அண்டை நாடான ஜிபூட்டியின் வழியே நடைபெறுகின்றது. அண்டை நாட்டோடு பகை மூண்டால் அரிசியும் எண்ணெயும் விலையேறும். ஏழையின் அடுப்பே முதலில் அதனை உணரும்.

1949 ஜூலை முதல் நாள் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1956 நவம்பர் முதல் நாள் மலபாரும் சேர்ந்து கேரள மாநிலம் பிறந்தது. கோட்டைக் கொச்சியும் அதனுள் அடங்கிற்று. 1967இல் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகியவை ஒரே மாநகராட்சியாயின. அன்றைய எல்லையை இன்று தெருவில் தேடினும் காணோம்.

அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு வெறுங்கதையன்று. எல்லையின் இருபுறத்தாரும் உடன்பட்டு வாழ்ந்தமையால்தான் சரக்கும் தொழிலும் அவற்றோடு நம் முன்னோரும் இவ்வூர்களை அடைந்தனர். அந்த உடன்பாட்டை நாளும் காப்பது, இருபுறமும் உறவுடைய நம் கடமையுமாகும்.