காதலும் இசைவிக்கும் உரையும்: பிளேட்டோவின் நோக்கில் சென்னையின் சிருங்கார விவாதம்

திறவுச்சொற்கள்: பிளேட்டோ, ஃபீட்ரஸ், சிருங்காரம், அபிநயம், மயிலாப்பூர், அடையாறு

முன்னுரை

காதலைப் பற்றிப் பேசுவதும், பேச்சால் பிறர் உள்ளத்தை இசைவிப்பதும் இருவேறு பொருள்களாகத் தோன்றலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ இயற்றிய ‘ஃபீட்ரஸ்’ உரையாடல் இவ்விரண்டையும் ஒரே விவாதத்துள் பிணைக்கிறது. சென்னையில் பரதநாட்டியத்தின் சிருங்காரம் குறித்து 20ஆம் நூற்றாண்டில் எழுந்த விவாதத்தை அப்பிணைப்பின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இது தாக்கம் பற்றிய ஆய்வன்று, ஒப்புநோக்கு மட்டுமே.

ஃபீட்ரஸ் காட்டும் காதலும் சொல்லும்

காதல் கொள்ளாதவனுக்கே இணங்குதல் நன்று என வாதிடும் லிசியாஸின் உரையை ஃபீட்ரஸ் படித்துக்காட்டுகிறான். அதனையொட்டிச் சாக்ரடீஸ் தம் முகத்தை மூடிக்கொண்டு காதலைப் பழித்துரைக்கிறார். பின்னர், காதல் தெய்வத்துக்குப் பிழை செய்ததாக அஞ்சி, காதல் தெய்வம் அருளும் பித்து என மறுத்துரைக்கிறார். இவ்வுரைகளுக்குப் பின்னரே சொற்கலையின் இயல்பு ஆராயப்படுகிறது. சொற்கலை உள்ளத்தை வழிநடத்துவது. கேட்போர் உள்ளத்தை அறியாதார் அதில் வல்லவராகார். எழுத்து வினாவுக்கு விடை கூறாது. உயிருள்ள பேச்சோ ஆளறிந்து பேசும்.

வாயில்களும் அபிநயமும்

தமிழ் அகமரபிலும் காதல் இசைவிக்கும் உரையை வேண்டி நிற்கிறது. தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன் முதலியோருடன் கூத்தரையும் விறலியரையும் வாயில்களாக எண்ணுகிறது. ஆடற்கலைஞர் காதலைக் காட்டுவோர் மட்டுமல்லர். ஊடல் தணிவிக்கும் உரையாளரும் ஆவர். பிற்காலப் பதங்களில் தலைவி தோழியை விளித்துப் பேசுவதும் தூது விடுப்பதும் இம்மரபோடு ஒப்பிடத்தக்கவை. பதத்தின் ஓர் அடியை மீண்டும் மீண்டும் பாட, ஒவ்வொரு முறையும் புதிய பொருள் தோன்ற அபிநயிக்கும் சஞ்சாரி, அவையறிந்து மாறும் உயிருள்ள பேச்சுக்கு நிகரானது.

சென்னையில் விவாதம்

1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் கொணர்ந்தார். தேவதாசியர் தம் தரப்பை விண்ணப்பங்களாக முன்வைத்தனர். 1932இல் ஈ. கிருஷ்ணய்யருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் இடையே நாளிதழ்களில் கடித விவாதம் நடைபெற்றது. சீர்திருத்தத்தின் இலக்கு சிறுமியரின் வாழ்வைக் காப்பதே. எனினும் விவாதம் விரிந்தபோது ஆடலின் காதற்பொருளும் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

ருக்மிணி தேவி 1935 திசம்பரில் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்தார். அவர் பக்தியை முதன்மைப்படுத்தி, உடல்சார் காதல் மிகுந்த பதங்களைத் தவிர்த்தார். தேவதாசி மரபில் வந்த த. பாலசரஸ்வதியோ, 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், சிருங்காரமே பேருணர்வு என்றும், அதனைத் தூய்மைப்படுத்த வேண்டியதில்லை என்றும் கருத்துரைத்தார். கபாலீசுவரர் கோயில் ஆடல்மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமே இருவரும் பயின்றனர் என்பது எண்ணத்தக்கது. ஒரே ஆசிரியரின் அபிநயம் இருவேறு கொள்கைகளுக்கு அடிப்படையாயிற்று.

முடிவுரை

காதல் தன்னிலேயே தெய்வத்தன்மை உடையது என்னும் பாலசரஸ்வதியின் நிலை சாக்ரடீஸின் மறுப்புரைக்கு அணுக்கமானது. ஆனால் ஒப்புமை இங்கு எல்லை காண்கிறது. சாக்ரடீஸ் பழித்தலையும் போற்றுதலையும் தாம் ஒருவரே நிகழ்த்தினார். தம் உரையைத் திரும்பப் பெறுவதால் அவர் இழந்தது ஏதுமில்லை. சென்னையில் அந்நிலைகள் வேறுவேறு சமூகத்தாருக்கு உரியவையாய் இருந்தன. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலை ஒழித்தது. சிறுமியருக்கு அது விடுதலை. அம்மரபினரின் கலையோ பெரும்பாலும் பிறர் மேடைக்குச் சென்றது. காதலைப் பற்றிய உரையை மதிப்பிடுவோர் அதன் கருத்தோடு, அதைப் பேசும் உரிமை யாரிடம் இருந்தது என்பதையும் வினவுதல் வேண்டும்.