சோதனைச் செய்நிரலும் அதன் வாசகனும்

கணனிச் செய்நிரலின் வரலாற்றை எழுதுவோர் இயந்திரங்களையும் மொழிகளையும் பற்றியே பெரிதும் பேசுவர். செய்நிரலைச் சோதிப்பதற்கென எழுதப்படும் செய்நிரல் அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்த்ததில்லை. ஆயினும், ஆக்கியோர் தம் செய்நிரல் யாது செய்யவேண்டுமெனக் கருதினர் என்பதற்குப் பல வேளைகளில் எஞ்சிநிற்கும் சான்று அதுவேயாகும். சாசனத்தை வாசிக்கப் பழகிய வரலாற்று மாணவர்க்கு இஃது அந்நியமான பொருளன்று.

1994இல் கென்ற் பெக் ஸ்மோல்ரோக் மொழிக்கென எஸ்யுனிற் என்னும் சிறு சட்டகத்தை ஆக்கினார். 1997இல் அவரும் எரிக் காமாவும், சூரிச்சிலிருந்து அற்லாண்டாவுக்குச் சென்ற விமானத்தில் அமர்ந்தவாறே, ஜாவா மொழிக்கான ஜேயுனிற்றை எழுதத் தொடங்கினர். செய்நிரலாளரே தாம் கையாளும் மொழியிற் சோதனைகளையும் எழுதும் வழக்கம் இதன்பின் விரைந்து பரவிற்று. சோதனைகள் பெருகின, அவற்றை வாசிக்க நேர்ந்தோரின் இடர்ப்பாடும் உடன் பெருகிற்று.

இவ்விடர்ப்பாடு யாதெனக் கற்பனை உதாரணமொன்றாற் காட்டலாம். சம்பளக் கணிப்புச் செய்நிரலொன்றின் சோதனை, விடை 4750 ரூபாவாக வேண்டுமென்கிறது. ஊழியரின் விபரமோ வேறொரு கோப்பில் உளது. பின்னொரு நாள் செய்நிரலைத் திருத்தியதும் விடை 4500 ஆகிறது; சோதனை தவறுகிறது. பிழை செய்நிரலிலா, சோதனையிலா? பராமரிப்பவர் அறியார். சம்பள நாள் நெருங்குகிறது. அவர் சோதனையில் 4500 என மாற்றி எழுதிவிடுகிறார். அன்றுதொட்டுப் பிழைக்கே அச்சோதனை காவலாகிறது. மணிக்கு 100 ரூபா, வழமையான வேலை 40 மணி, மேலதிகமாக 5 மணி, அதற்கு ஒன்றரை மடங்கு என்பன சோதனையிலேயே எழுதப்பட்டிருப்பின், ஒன்றரை மடங்கு விடுபட்டதை மேலாய்வு செய்பவர் உடனே கண்டிருப்பார்.

இத்தகைய குறைக்கு 2001இல் ஆரி வான் டூர்சன் முதலிய நால்வர் 'மர்ம விருந்தாளி' எனப் பெயரிட்டனர். அவர்கள் வகுத்த குறைகள் 11. காரணங் கூறாத கூற்றுகள் பல ஒரே சோதனையிற் குவிவது 'கூற்றுச் சூதாட்டம்' எனப்பட்டது. பெயர் வேடிக்கையானதே. 2006இல் டான் நோர்த், சோதனையின் பெயரே முழு வாக்கியமாக அமையவேண்டுமென வற்புறுத்தினார். 2007இல் ஜெராட் மெசாரோஸ் இக்குறைகளையும் பரிகாரங்களையும் பெருநூலொன்றில் விரித்துரைத்தார்.

ஓரிடத்தில் மட்டும் பயிற்சியே தடையாயிற்று எனலாம். கூறியது கூறல் குற்றமெனக் கற்ற செய்நிரலாளர், சோதனைகளிலும் பொதுவானவற்றையெல்லாம் துணைச் செயல்களுள் ஒதுக்கினர். ஊழியரின் பெயரையும் முகவரியையும் அவ்வாறு ஒதுக்கலாம். விடையை நிர்ணயிக்கும் மணிக்கணக்கை ஒதுக்கலாகாது. மர்ம விருந்தாளிக்கு அந்நால்வர் கூறிய பரிகாரங்களுள் ஒன்றும், வெளிக்கோப்பின் உள்ளடக்கத்தைச் சோதனையினுள்ளேயே எழுதிவிடுவதாம்.