ராதாகிருஷ்ணன்: வகுப்பறையில் வாழ்ந்த தத்துவம்

மலேசியாவில் ஆசிரியர் தினம் மே 16; இந்தியாவில் செப்டம்பர் 5. பின்னது, 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள். 1962 முதல் 1967 வரை அவர் இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்ததைப் பேசுவோர் பலர். அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உழைத்தவர். அந்த உழைப்பை அறியாமல் அவரை அறிந்துவிட முடியாது.

தந்தை வீராசாமி ஜமீனில் சிறிய வருவாய்த்துறை வேலை பார்த்தவர். மகன் திருப்பதி, வேலூர், சென்னை என்று உதவித்தொகையிலேயே படித்து ஏறினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். பாடம் முடிவாகிவிட்டது! மலேசியாவின் குளுவாங்–மெர்சிங் சாலையில் காஹாங் வட்டாரத் தோட்டங்களில், அண்ணன் படித்த புத்தகத்துக்குப் புது அட்டை போட்டுத் தம்பி படித்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுப் புத்தகம் வாங்கக் காசு இருந்திருந்தால் அவர் வேறொரு துறைக்குப் போயிருக்கவும் கூடும்.

கையில் கிடைத்த பாடத்தை அவர் உயிராக்கிக்கொண்ட விதம்தான் வியப்பு. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை, உலகமே மாயை என்றால் நல்லது கெட்டது எதற்கு என்பது அக்கால மறைபணியாளர்களின் வாதம். அது இளைஞர் மனத்தைத் தைத்தது. 1908இல், இருபதாவது வயதில், வேதாந்தத்தின் அறக்கோட்பாட்டையே முதுகலை ஆய்வுக்கு எடுத்து அதற்கு மறுமொழி எழுதினார். அந்த ஆய்வேட்டை மனமாரப் பாராட்டியவர் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். அவரும் மறைபணியாளர்தாம். வாதத்தில் எதிர்ப்பக்கம் நின்ற மாணவனின் தகுதியை ஒப்புக்கொண்ட அந்த ஆசிரியரையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது. சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது உடன் பயின்றவர்களுக்கே உளவியல் பாடம் நடத்தினார். 1912இல் அது சிறு நூலாயிற்று. பிறகு ராஜமகேந்திரவரம், 1918இல் மைசூர் மகாராஜா கல்லூரி. மூன்றே ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் ஐந்தாம் ஜார்ஜ் இருக்கைக்கு அழைத்தது. புறப்படும் நாளில் மாணவர்கள் வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். முப்பத்துமூன்று வயதுக்குள் ஓர் ஆசிரியர் இப்படி ஓர் அன்பைச் சம்பாதித்தார்.

கல்கத்தாவில் எழுதியதுதான் 'இந்தியத் தத்துவம்'. முதல் தொகுதி 1923இல், இரண்டாவது 1927இல், லண்டனில் வெளிவந்தன. சங்கரரையும் நாகார்ஜுனரையும் பிளேட்டோ, காண்ட் வரிசையில் வைத்து, மேல்நாட்டு வாசகருக்குப் புரியும் ஆங்கிலத்தில் பேசவைத்த நூல் அது. 1926இல் ஆக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய அப்டன் சொற்பொழிவுகள் மறுஆண்டே நூலாயின. 1936இல் அதே ஆக்ஸ்போர்டில் கீழை மதங்கள், அறவியலுக்கான ஸ்பால்டிங் இருக்கையின் முதல் பேராசிரியரானார். 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது நிர்வாகக் கோப்புகளோடு நின்றுவிடாமல், ஞாயிறுதோறும் மாணவர்களுக்குக் கீதை நடத்தினார். 1949இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போன பிறகும் ஆக்ஸ்போர்டு இருக்கையை விடவில்லை. 1952இல் குடியரசுத் துணைத் தலைவரான போதுதான் விட்டார்.

புகழுரை என்பதற்காக மறைக்கக் கூடாத செய்தி ஒன்றும் உண்டு. 1929இல் ஜதுநாத் சின்ஹா என்ற அறிஞர், 'இந்தியத் தத்துவம்' இரண்டாம் தொகுதியில் தம் ஆய்வுப் பகுதிகள் எடுத்தாளப்பட்டதாகக் குற்றம் சாட்டி வழக்குத் தொடுத்தார். ராதாகிருஷ்ணனும் எதிர்வழக்குப் போட்டார். 1933இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தீர்ப்பு வராத வழக்கு என்பதால் இரு பக்கமும் சாய்ந்து பேசுவோர் இன்றும் உண்டு.

தமிழ் வாசகருக்கு இன்னொரு குறை நெருக்கமானது. அவருடைய இந்தியத் தத்துவத்துக்கு நடுநாயகம் அத்வைதம். சைவ சித்தாந்தத்துக்குத் தனி அத்தியாயம்கூட இல்லை. சாக்தத்தோடும் பிற்கால வைணவத்தோடும் சேர்த்து ஒரே அத்தியாயத்தில் அடக்கிவிட்டார். திருத்தணியில் பிறந்தவரிடம் சித்தாந்த ஆசான் மெய்கண்டார் இன்னும் விரிவான இடம் பெற்றிருக்கலாம் என்ற ஏக்கம் நியாயமானதே.

அந்த இடைவெளியை நிரப்ப உழைத்தது சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறை. அதன் எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரி 1930இல் ஸ்ரீகண்டரின் சிவாத்வைதம் பற்றி எழுதினார். அவருக்குப் பின் துறையை வளர்த்த டி. எம். பி. மகாதேவன் அத்வைதத்தில் ஆழ்ந்தவர். ஆனாலும் அதே துறையிலிருந்து வி. ஏ. தேவசேனாபதி, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் முழுதாகக் கற்று, 1960இல் ஆங்கிலத்தில் நூல் தந்தார்.

தத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை ராதாகிருஷ்ணனின் பெரிய தொகுதிகளில் தொடங்கித் திணற வேண்டாம். நான்கே சொற்பொழிவுகள் கொண்ட அந்த அப்டன் நூலை முதலில் படிக்கலாம்; அடுத்து தேவசேனாபதியை எடுக்கலாம். பெரிய தொகுதிகளுக்கு அதன்பின் வரலாம்.